இருளாயிக்கு விழுந்த மூன்றாம் பரிசு

மேடையில் நூற்று நாற்பத்தேழு என்று கூப்பிட்டபோது இருளாயி ஒரு கோழித் தொடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த, கூட வேலை செய்யும் பிரமிளாதான் அவளுடைய சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு முதுகில் ஓர் அறை வைத்தாள்.

"அக்கா, ஒங்க நம்பர் லா. எந்திரிச்சுப் போங்க."

இருளாயி ஈப்போவில் ஒரு ஓட்டலில் பத்தொன்பது வருஷமாக அறை சுத்தம் செய்கிறவள். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. ஓட்டலின் வருஷாந்திர விருந்துக்கு ஒரு தடவைகூடத் தவறாமல் போயிருக்கிறாள், இதுவரை குலுக்கலில் அவளுக்கு விழுந்தது ஒரே ஒரு குடை. இந்தத் தடவை மூன்றாம் பரிசு. அதே முதலாளியின் பங்கோர் தீவு ஓட்டலில் இரண்டு பேருக்கு இரண்டு ராத்திரி. முதல் பரிசான டிவியைத் தூக்கிக்கொண்டு போன சமையல்காரனைப் பார்த்துக் கூட்டமே பெருமூச்சு விட்டது. இருளாயி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆயிரக்கணக்கான ஓட்டல் கட்டில்களை விரித்திருக்கிறாள், ஒன்றில்கூடப் படுத்ததில்லை. தலைகால் புரியாமல் போட்டோவுக்கு நின்றாள். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறதென்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரமிளாவின் மோட்டார்சைக்கிளில் புந்தோங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் சிரிப்பு நின்றுபோனது. பரிசு இரண்டு பேருக்கு. கூடவே புருஷன் ஐயாவு வருவார். ஒரே கட்டில்.

விஷயத்தை உடைத்தே சொல்லிவிடலாம். இரண்டு வருஷமாக இருளாயிக்கு ராத்திரியில் சிறுநீர் நிற்பதில்லை. சில நாள் முட்டிக்கொண்டு விழிப்பு வரும், கக்கூசுக்குப் போவதற்குள் பாதி வழியிலேயே போய்விடும். சில நாள் விழிப்பே வராது, ஈரம்தான் எழுப்பும். ஐயாவு ஒரு தொழிற்சாலையில் ஜாகா. பதினோரு வருஷமாக ராத்திரிக் காவல். பத்தரைக்குக் கிளம்பினால் காலை ஏழரைக்குத்தான் வருவார், வந்து அதே கட்டிலில் படுப்பார். அதற்குள் இருளாயி பிளாஸ்டிக்கைத் துடைத்து, காற்றாடியை முழு வேகத்தில் விட்டு, புது விரிப்புப் போட்டு, நனைந்ததை வாளியில் அமுக்கிவிட்டு வேலைக்குப் புறப்பட்டிருப்பாள். பத்து நிமிஷம் போதும் அவளுக்கு. கட்டில் விரிப்பதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. மனுஷனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இது தொடங்கிய புதிதில், ஐயாவுக்குப் பகல் ஷிப்ட் கிடைக்க இருந்தது. வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார். இருளாயி அடுப்பைப் பார்த்தபடி, "பழகின வேலைய எதுக்கு மாத்துறீங்க, ராத்திரியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவள் அழுதாள். 

பரிசு விழுந்ததைச் சொன்னதும் ஐயாவு கேட்ட முதல் கேள்வி, "நான் வந்தா ஒனக்குப் பரவால்லையா?" என்பது. என்ன கேள்வி இது என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். மறுபடி ஒரு பகல் இடம் காலியாகிறதாம், பங்கோர் போகிற மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "ஒனக்குத்தான் இஷ்டம் இல்லையே, வுடு."

அவர் கிளம்பிப் போன பிறகு இருளாயி காலண்டரை எடுத்து எண்ணினாள். பங்கோருக்கு ஆறு வாரம் இருந்தது. ஆறு வாரத்தில் இந்தச் சனியனை ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும். அந்த இரண்டு ராத்திரியும் கட்டில் நனையாமல் தப்பினால் புருஷனிடம் வாயைத் திறந்து கேட்பது, ராத்திரியில் வீட்டோடு இருங்கள் என்று. நனைந்தால் கேட்பதற்கில்லை. தனக்குத் தானே அவள் போட்டுக்கொண்ட சட்டம் அதுதான்.

தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் அவள் ஏற்கெனவே செய்து பார்த்தாகிவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தலைவலியும் எரிச்சலும்தான் மிச்சம். மேசைக்குப் போடும் பூப்போட்ட பிளாஸ்டிக்கை வாங்கி மெத்தையில் விரித்தாள். முதுகெல்லாம் வேர்க்குரு, புரண்டால் மொறுமொறு சத்தம் வேறு. எஞ்சியிருந்தது கிளினிக்தான். அங்கே தெரிந்தவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு போனாள். இரண்டு பேர் இருந்தார்கள். பல்வலி என்று சொல்லி வைத்தாள்.

உள்ளே தாதி உடுப்பில் இருந்த நர்ஸ் சரளா மிஸ்ஸியிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம் மிஸ்ஸி. வயசானா வர்றதுதானே?"

"வரலாம். வந்துச்சுன்னு அப்படியே வுட்டுடறதா? பல்லு வலிச்சா ரெண்டு வருஷம் சும்மா இருப்பீங்களா?"

இருளாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே சொன்ன பொய் உள்ளே வந்துவிட்டதோ என்று பார்த்தாள். மிஸ்ஸி சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார்.

சிறுநீரைச் சோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரையும் இல்லை, கிருமியும் இல்லை. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அவளுடைய மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். பிரஷருக்குத் தரும் நீர் மாத்திரையை அவள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தாள், அப்போதுதான் ஞாபகம் வருமாம். காலையில் போடச் சொல்லி மாற்றினார். மிஸ்ஸி ஒரு நோட்டைக் கொடுத்து, மூன்று நாளைக்கு எத்தனை மணிக்கு என்ன குடித்தாள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனாள் என்று அளந்து எழுதி வரச் சொன்னார்.

இருளாயிக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் போதும், அதன் கழுத்தை நெரிக்காமல் விடமாட்டாள். பழைய பிளாஸ்டிக் ஜக் ஒன்றில் பேனாவால் கோடு போட்டு, மூன்று நாளும் ஒரு மில்லி விடாமல் அளந்து எழுதினாள். மிஸ்ஸி நோட்டைப் புரட்டிவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன, ஒம்பதரைக்கு ரெண்டு மங்கு கோப்பி ஓ?"

இருளாயி தலையைக் குனிந்துகொண்டாள். ஐயாவு கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து குடிக்கிற கறுப்புக் கோப்பி அது. புருஷனும் பெண்டாட்டியும் நாளைக்கு ஒரு தடவை எதிரெதிரே உட்காருவது அப்போது மட்டும்தான்.

"உக்காருங்க, பேசுங்க. கோப்பிய மட்டும் அவரு குடிக்கட்டும். ஒங்க தண்ணிய பகல்ல நல்லா குடிச்சு முடிச்சிடுங்க. நிறுத்தினா எரிச்சல்தான் கூடும்."

பிறகு காரியம் வேகமெடுத்தது. நாளெல்லாம் நின்று வேலை செய்ததில் காலில் இறங்கிய நீர், படுத்தால் ராத்திரியில்தான் வெளியேறுமாம். அதனால் வேலை விட்டு வந்ததும் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து ஒரு மணி நேரம் படுத்தாள். படுக்கப் போகுமுன் ஒரு தடவை, பல் விளக்கிவிட்டு இன்னொரு தடவை என்று இரண்டு முறை போய் வந்தாள். அடிவயிற்றுக்குக் கீழே இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சியை லிப்ட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் செய்தாள். உள்ளே வந்த வெள்ளைக்காரர் குட்மார்னிங் சொன்னபோது அவள் பாதி இறுக்கத்தில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

மெத்தைக் கதைதான் அவளுக்குப் பிடித்தது. மேசை பிளாஸ்டிக்கைத் தூக்கி எறியச் சொல்லி, மேலே துணியும் அடியில் நீர் இறங்காத படலமும் உள்ள உறையை வாங்கச் சொன்னார் மிஸ்ஸி. உறை, அதன் மேல் விரிப்பு, அதன் மேல் ஈரம் உறிஞ்சுகிற துவைக்கும் மெத்துத்துணி. அதே மாதிரி இன்னோர் அடுக்கு அதற்கும் மேலே. ராத்திரியில் நனைந்தால் மேலடுக்கை மட்டும் உருவிப் போட்டால் போதும், கீழே காய்ந்த கட்டில் தயாராக இருக்கும். இருளாயிக்கு இதைக் கேட்டதும் கை பரபரத்தது. பத்தொன்பது வருஷம் கட்டில் விரித்த எனக்கு இது தோன்றவில்லையே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். உறிஞ்சுகிற உள்ளாடையும் வாங்கினாள், ராத்திரிக்கு மட்டும்.

நான்காவது வாரத்தில் வாரத்துக்கு ஐந்து ராத்திரி என்பது மூன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் அந்த மூன்று அசைந்து கொடுக்கவில்லை. மூன்றும் முட்டிக்கொண்டு விழித்து, எழுந்து, வழியில் தவறுகிற ரகம்.

"முழிச்சதுலேருந்து கக்கூசுக்குப் போக எவ்ளோ நேரம் ஆவுது?" என்று மிஸ்ஸி கேட்டார். இருளாயி அன்றைக்கு ராத்திரியே கைப்பேசிக் கடிகாரத்தை ஓடவிட்டுப் பார்த்தாள். நாற்பது விநாடி. அவள் வீட்டில் கட்டிலுக்கும் கக்கூசுக்கும் எட்டு அடி. ஈப்போ ரயில் நிலையத்துக்கா போய் வருகிறாள்?

மறுபடி படுத்து, மறுபடி எழுந்து பார்த்தபோதுதான் விளங்கியது. பழக்க தோஷம். வீட்டுக் கட்டிலையும் அவள் ஓட்டல் கட்டில் மாதிரியே விரித்திருந்தாள். போர்வையின் மூன்று ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் இழுத்து, சூப்பர்வைசர் காசு சுண்டிப் பார்த்தாலும் துள்ளுகிற இறுக்கத்தில் செருகி, உறைக்குள் கடிதம் நுழைகிற மாதிரி உள்ளே நுழைந்து படுப்பாள். முட்டிக்கொண்டு விழிக்கும்போது கால் இரண்டும் மாட்டிக்கொள்ளும். உதைத்து, இழுத்து, வெளியே வருவதற்குள் இருபது விநாடி போய்விடும். தன் கையாலேயே தன்னைக் கட்டிப்போட்டுவிட்டு இரண்டு வருஷமாக மூத்திரப்பையைக் குறை சொல்லியிருக்கிறாள்.

கட்டிலில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். செருகியதை எல்லாம் பிடுங்கி எறிந்தாள். அந்த வாரம் ஒரே ஒரு ராத்திரிதான் நனைந்தது, அதுவும் உள்ளாடையோடு நின்றுவிட்டது. பங்கோருக்கு முந்தின வாரம் ஒன்றுகூட இல்லை. ஆறாவது நாள் காலையில் காய்ந்த மெத்துத்துணியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகும் வழியில் பிரமிளாவுக்குக் காரணம் சொல்லாமலே ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தாள்.

தீவுக்குப் போகும் பெர்ரிப் படகில் ஐயாவு சின்னப் பையன் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறைக்குள் நுழைந்ததும் இருளாயி கட்டிலைத்தான் பார்த்தாள். அங்கே வேலை செய்கிறவள் கெட்டிக்காரி, ஒரு சுருக்கம் இல்லை. படுக்கும் நேரம் வந்ததும் அந்த அழகான விரிப்பின் ஓரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பையிலிருந்து இரண்டு அடுக்கையும் எடுத்துத் தன் பக்கத்தில் விரித்தாள். ஐயாவு துண்டோடு நின்று பார்த்தார்.

"என்ன பண்றே?"

காய்ந்த இரண்டு ராத்திரிக்குப் பிறகு சொல்லலாம் என்றுதான் வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை. எல்லாம் கொட்டிவிட்டாள், வாளி, பிளாஸ்டிக், கிளினிக், ஜக் வரைக்கும். ஐயாவு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப அன்னிக்கு பகல் ஷிப்ட் வேணாம்னே. இதுக்காகத்தானா?"

"வேற எதுக்குங்க?"

"என்னை ராத்திரில பக்கத்துல வச்சுக்க ஒனக்குப் புடிக்கலன்னு நெனச்சேன் இருளு." அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நேத்துகூட பகல் ஷிப்ட் வேணுமான்னு வேலையில கேட்டாங்க. வேணாம்னு சொல்லிட்டேன்."

இருளாயி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன் வெட்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து இந்த மனுஷனை இரண்டு வருஷம் என்ன பாடு படுத்தியிருக்கிறாள்.

முதல் ராத்திரி மூன்று மணிக்கு விழித்தாள், போனாள், வந்தாள். கட்டில் காய்ந்தே இருந்தது. இரண்டாம் நாள் கடலில் ஆடிய களைப்பு, ராத்திரிச் சாப்பாட்டில் ஆசைக்கு ஒரு டம்ளர் ஐஸ் தேத்தண்ணி வேறு. நாலரை மணிக்கு ஈரம்தான் எழுப்பியது. உள்ளாடையைத் தாண்டி மெத்துத்துணிக்கு வந்திருந்தது. அவள் போட்ட சட்டம் அவள் கண் முன்னாலேயே தோற்றுப்போனது. இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு எரிந்தது. ஐயாவு எழுந்து அந்தப் பக்கமாகச் சுற்றி வந்தார். "எந்தப் பக்கம் உருவணும், சொல்லு. தலைப்பக்கமா, கால்பக்கமா?"

"தலைப்பக்கம்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உருவினார்கள். கீழே இருந்த அடுக்கு காய்ந்திருந்தது. அவள் கழுவி, மிஸ்ஸி கொடுத்த களிம்பு போட்டு, வேறு மாற்றிக்கொண்டு வருவதற்குள் அவர் நனைந்ததைச் சுருட்டிப் பையில் கட்டியிருந்தார், கோணல்மாணலாக. அவள் அதைத் திருத்தவில்லை.

"ஏங்க, ராத்திரில வீட்டோட இருங்க," என்றாள். "இப்படித்தான் சில நாளு இருக்கும். இருந்தாலும் இருங்க."

காலை எட்டு மணிக்கு ஐயாவு படகுத்துறையில் நின்று தன் தொழிற்சாலை சூப்பர்வைசருக்குப் போன் அடித்தார். இருளாயி பக்கத்தில் நின்று அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இடத்தை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால்? அந்தப் பக்கம் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. ஐயாவு முதலில் உம் கொட்டினார், பிறகு தலையை ஆட்டினார், பிறகு பல்லைக் காட்டினார்.

"ஒண்ணாந்தேதியா? சரி பாஸ். இல்ல பாஸ், வேணாம்னு சொன்னது நான்தான். இப்ப வேணும்." ஏன் மனசு மாறினாய் என்று கேட்டிருக்க வேண்டும். ஐயாவு திரும்பி இருளாயியைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வீட்டுல என்னை வேணும்னு கேட்டாங்க பாஸ்."