போர்வைக்குள் இருந்த கை

வாய்தா என்றதும் சுதாராணிக்கு ஞாபகம் வருவது கோர்ட்டு இல்லை, வாந்திதான். வாழவந்தியிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து சேலத்துக்கு இன்னொரு பஸ். இத்தனை வருஷம் மலையிறங்கியும் கொண்டை ஊசி வளைவுகள் அவள் வயிற்றோடு ராசியாகவில்லை. கீழே போய்ச் சேர்ந்தால், "அடுத்த மாசம் வாங்கம்மா" என்பார்கள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறுவாள்.

எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தவள். ஒரு மார்கழிக் காலையில், பனி நனைத்த சரிவில் கால் வழுக்கி விழுந்ததில் வலது முன்கை எலும்பு முறிந்தது. புருஷன் அண்ணாதுரை ஜீப் பிடித்துச் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மாவுக்கட்டு போட்டார்கள். சாயங்காலமே விரல்கள் வீங்கி, அடுப்புக்குள் விட்ட மாதிரி எரிந்தன. நர்ஸிடம் சொன்னாள். "டாக்டர் வந்து பார்ப்பாரு" என்றாள் அவள். விடிந்ததும் டாக்டர் வந்தார். போனைக் காதில் வைத்தபடி, கதவுப் பக்கம் நின்று, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்க் கட்டைப் பிரித்தபோது, நாலு விரல்கள் கரியாகக் கிடந்தன. எடுத்துவிட்டார்கள்.

இப்போது களத்தில் காயும் காப்பிக்கொட்டையைக் காலால் கிளறிவிடுகிற வேலை. "வழுக்கி உழுந்தது இவ. டாக்டர் மேல கேசாம்" என்று அங்கே முணுமுணுப்பவர்கள் உண்டு. அதனாலேயே அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது: அவர் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்று யாராவது பெரியவர்கள் வாயால் சொல்ல வேண்டும்.

குறுக்கு விசாரணை அன்று, நுகர்வோர் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் வக்கீல் ஜீவானந்தம் சொல்லிக்கொடுத்தார்.

"டாக்டர்கிட்ட வலியைச் சொன்னீங்களான்னு கேப்பாங்க. சொன்னேன்னு சொல்லிடுங்கம்மா."

"நர்ஸம்மாகிட்டதானுங்க சொன்னேன்."

"அங்க யாரு பார்த்தா? சொன்னேன்னு சொல்லுங்க, போதும்."

"சொல்லு புள்ள," என்றான் அண்ணாதுரை. "ஊட்டுல எங்கிட்டப் பேசறதுல பாதி பேசுனாப் போதும், அந்த டாக்டரு ஊரையே காலி பண்ணிருவாரு."

எதிர் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "எப்படி இருக்குன்னு டாக்டர் கேட்டார் இல்லையா? நீங்க என்ன சொன்னீங்க?"

சுதாராணி ஒருமுறை ஜீவானந்தத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பரவால்லீங்கன்னு சொன்னேனுங்க."

ஜீவானந்தம் கண்ணை மூடிக்கொண்டார். எதிர் வக்கீல், அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் இருந்த கோர்ட்டுத் தலைவர் அம்மா எழுதுவதை நிறுத்தினார். "நர்ஸ்கிட்ட எரியுதுன்னு சொல்லியிருக்கீங்க. டாக்டர்கிட்ட மட்டும் ஏன் அப்படி?"

"பெரியவங்க கேட்டா எங்க பக்கம் அப்படித்தானுங்க சொல்றது. எஸ்டேட்டுத் தொரை கேட்டாலும் அதேதானுங்க, கணக்கெழுதற ரைட்டர் கேட்டாலும் அதேதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆம்பள டாக்டரு முன்னால படுத்துக் கெடக்கறமேன்னு போர்வைய வேற கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டனுங்க. கையும் உள்ள போயிருச்சு. அது என் தப்புதானுங்க."

"ம்."

"நீக்கிப் பாப்பாருன்னு இருந்தனுங்க. பாக்கத்தானே வந்தாரு."

தீர்ப்புக்குத் தேதி போட்டார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் அண்ணாதுரை சொன்னான். "சொன்னேன்னு சொல்லியிருக்கலாம்."

"ஆமாங்க," என்றாள்.

தீர்ப்பு ஆடிச் சாரலில் வந்தது. ஜீவானந்தம் போனில் வாசித்தார்: 'நோயாளி வலியைத் தெரிவித்தாரா என்பது இங்கு கேள்வியல்ல. கட்டுப்போட்ட கையை மருத்துவர் பார்க்கத் தவறினார் என்பதே சேவைக் குறைபாடு.'

"இன்னொருக்கா படிங்க."

படித்தார். "ஜெயிச்சுட்டோம்மா. ஆனா அவங்க சென்னைக்கு அப்பீல் போறாங்க. இன்னும் ரெண்டு மூணு வருஷம் இழுக்கும்."

"செரிங்க."

"என்னவாம்?" என்றான் அண்ணாதுரை.

"டாக்டரு பாக்கலைன்னு எழுதிப்போட்டாங்களாம். அப்பீலாம். இன்னும் நடக்கோணுமாம்."

"நொம்ப சந்தோசம் போ," என்று அவன் செருப்பைக் கழற்றினான்.

பகலில் படுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைக்குப் பாயை விரித்துப் படுத்தாள். கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. அண்ணாதுரை இரண்டு தரம் சோற்றுக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். சுதாராணி அசையவில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.