பையனின் அப்பா என்ன உயரம்?

நான் ஐந்தடி ஆறங்குலம். இதை நான் ஊர் ஊராகச் சுமந்துகொண்டு அலைந்ததற்குக் காரணம் என் கணவர் லார்ன். பகலில் அவர் விவசாயிகளுக்கு விதை விற்பவர். சாயங்காலமானால் ஒரு பெரிய ஐஸ் ஹாக்கி கிளப்புக்குப் பையன் பார்த்துச் சொல்லும் வேலை. கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பனித்தளம் இல்லாத ஊர் கிடையாது. அவர் போய் விறைத்துக்கொண்டு உட்காராத பனித்தளமும் கிடையாது. பதினேழு வயதுப் பையன்கள் ஆடுவதைப் பார்த்து, எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று கிளப்புக்கு எழுதுவார். ஜூன் மாதம் எல்லா கிளப்புகளும் ஓரிடத்தில் கூடி, முறைவைத்துப் பையன்களின் பேரைச் சொல்லி எடுத்துக்கொள்ளும். அதுதான் டிராஃப்ட். பேர் வந்தால் குடும்பமே தலை நிமிர்ந்து நடக்கும். வராவிட்டால் பையன் டிராக்டரில் ஏறிவிடுவான்.

என்னை அவர் கூட்டிப்போனது ஆசையினால் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாக்களை அளக்கத்தான். அந்த வருடங்களில் கிளப்புகளுக்கு உயரப் பைத்தியம் பிடித்திருந்தது. குள்ளமான பையன் என்றால் பேச்சையே எடுக்காதே என்பார்கள். ஆனால் பதினேழு வயதில் நிற்கிற உயரத்திலேயே ஒருத்தன் நின்றுவிடுவானா, இன்னும் வளர்வானா என்று யாருக்குத் தெரியும்? பெற்றவர்களைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அப்பாக்களின் பக்கத்தில் லார்னே போய் நிற்பார். அம்மாக்களுக்கு நான். இடைவேளையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கும் வரிசையில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்து, "என் புருவம் வரைக்கும்," என்றோ "என் தலைக்கு மேல ஒரு சாண்," என்றோ சொல்வேன். அவர் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி தலையாட்டுவார். இப்படியும் ஒரு தாம்பத்தியம்.

இத்தனை பேரை அளந்தும் மனிதருக்குத் தெளிவு வந்ததா என்றால் இல்லை. உதவாக்கரை என்று அவர் எழுதிய ஒருவன் சனிக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் வந்து கோல் அடித்தான். தங்கம் என்று எழுதிய இன்னொருவன் ஹாக்கியை விட்டுவிட்டுக் காளை மாட்டின் மேல் உட்கார்ந்து சவாரி செய்யப் போய்விட்டான்.

"பதினேழு வயசுப் பயலப் பாத்து, அவனுக்குள்ள இருக்கற இருபத்தஞ்சு வயசு ஆளக் கண்டுபிடிங்கறாங்க," என்பார் வண்டி ஓட்டிக்கொண்டே. "எனக்குள்ள யார் இருக்கான்னே எனக்கு இன்னும் தெரியல, வெர்னா."

"யாரும் இல்ல. ரோட்டப் பாத்து ஓட்டு," என்பேன்.

இப்படி இருந்தவர் ப்ரெண்டல் ஊர்ப் பையன் டார்சி ரெம்பெலைப் பார்த்ததும் சொக்கிப்போனார். ஐந்தடி எட்டங்குலப் பையன். ஆனையைப் போன்ற தடியன்கள் அவனை இடிக்கப் பாய்ந்து வருவார்கள். கடைசி நொடியில் அவன் அங்கே இருக்கமாட்டான். தடியன் தளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் போய் மோதி விழுவான். அதற்குள் பக் என்கிற அந்த ரப்பர் வில்லை வேறு ஒருவனிடம் போயிருக்கும். எப்போது தட்டினான், எப்படித் தட்டினான் என்று பார்த்தவர்களுக்கும் தெரியாது. லார்ன் விதையைத் துப்பவும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

"போ, அம்மாவப் பாத்துட்டு வா," என்றார்.

டார்சியின் அம்மா லோரெட்டா என் கன்னம் வரை இருந்தாள். அப்பா எட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். லார்ன் அவர் பக்கத்தில் நின்றுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

"என் காது வரைக்கும்கூட வரல. அஞ்சு ஆறு இருந்தா அதிகம். அப்பன் கெடுத்துட்டான்."

"எனக்கும் அஞ்சு ஆறுதான். நான் யாரக் கெடுத்தேன்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வீட்டில் பெரோகிக் கொழுக்கட்டையும் வெங்காயமும் தட்டில் ஆறிக் கிடந்தன.

அடுத்த முறை ப்ரெண்டலுக்குப் போனபோது, வறுவல் வரிசையில் லோரெட்டாவே திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நல்லா நிமிந்து நிக்கட்டுமா? இல்ல, ஷூவக் கழட்டணுமா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. எல்லா அம்மாக்களுக்கும் தெரியுமாம். என்னைப் பார்த்ததுமே சிலர் குதிகால் உயர்ந்த பூட்ஸுக்கு மாறிவிடுவார்களாம். இத்தனை வருடமும் நான்தான் உளவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எட் அவனோட அப்பா இல்ல. அறுவடைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் டகோட்டாலேர்ந்து மெஷினோட ஒரு கும்பல் வந்துச்சு. அதுல ஒருத்தன். ஆறடி நாலங்குலம். வாசல்ல குனிஞ்சுதான் வருவான். எட்டுக்குத் தெரியாது, பையனுக்கும் தெரியாது. உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லுங்க. என் பையன் வளருவான்."

வறுவலை வாங்கினேனா, காசு கொடுத்தேனா, நினைவில்லை. வண்டியில் ஏறியதும் லார்னிடம் சொல்லிவிட்டேன். அவர் வண்டியைப் பனி ஓரமாக நிறுத்தினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தது.

"ஆறு நாலா!" என்றார். "அடக் கடவுளே, ஒரு பொம்பள மானத்த விட்டுச் சொல்லியிருக்கா. நான் சந்தோஷப்படறேனே. நான் என்ன மனுஷன்?"

"நெஜமா இருக்குமா?"

"இதுல யாராவது பொய் சொல்லுவாங்களா?"

"மாட்டாங்க," என்றேன். கொஞ்ச தூரம் போனதும், பிள்ளைக்காக என்றால் நானே பொய் சொல்லுவேன் என்று தோன்றியது. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். கிளப்புக்கு என்ன எழுதுவது? வளருவான் என்று எழுதினால், எப்படித் தெரியும் என்பார்கள். எப்படித் தெரியும் என்று சொன்னால் ஒரு குடும்பம் போய்விடும். வாரக்கணக்கில் எழுதுவார், கிழிப்பார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எட் ரெம்பெல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை. காபி ஊற்றி வைத்தேன், தொடவில்லை.

"லோரெட்டா உங்ககிட்டச் சொன்னாளா?" என்றார்.

"என்னது? ஒண்ணும் சொல்லலியே," என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் கீச்சென்று போகும்.

"சொல்லியிருப்பா. நான்தான் சொல்லச் சொன்னேன்."

லார்ன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க வம்சத்துலயே பரண எட்டித் தொட்டவன் கெடையாது," என்றார் எட். "பையன் ஆட்டத்துல என்ன குறை சொல்றீங்க? உயரம் ஒண்ணுதானே? அது என்னால வந்த குறை. அதான், என்னையே கணக்குலேர்ந்து எடுத்துரலாம்னு பாத்தேன். அவ மாட்டேன்னு அழுதா. நான்தான் கட்டாயப்படுத்தி, வந்த நாலஞ்சு கிளப்புக்காரங்ககிட்டயும் சொல்ல வச்சேன்."

எனக்கு முதலில் வயிறெரிந்தது. என்னிடம் மட்டும் சொன்னாள் என்றல்லவா நினைத்திருந்தேன்! அப்புறம் குழப்பம் பிடித்தது. அழுதவள் மாதிரி அவள் எனக்குத் தெரியவில்லை. வாசலில் குனிவான் என்று எவ்வளவு சரளமாகச் சொன்னாள்! அதற்கும் அப்புறம்தான் எதிரில் நிற்கும் மனிதரை ஒழுங்காகப் பார்த்தேன். பிள்ளைக்காகச் சொத்தை எழுதிவைக்கிற அப்பாவைப் பார்த்திருக்கிறேன். அப்பா என்ற பேரையே எழுதிக்கொடுக்க வந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

"இப்ப ஏன் எங்ககிட்ட வந்து சொல்றீங்க, எட்?" என்றார் லார்ன்.

"நேத்து ஒரு கிளப்புக்காரன் டார்சியப் பேட்டிக்குக் கூப்பிட்டான். அந்த மடையன் பையன்கிட்டயே கேட்டுட்டான், 'உன் நெஜ அப்பா ஆறு நாலாமே'ன்னு." எட்டின் குரல் உடைந்தது. "ராத்திரியிலேர்ந்து என் முகத்தப் பாக்கமாட்டேங்கறான். பொய்டான்னேன். நம்பல. அவ சொன்னா, அதயும் நம்பல. காலைலயே பனித்தளத்துக்குப் போனவன் வீட்டுக்கு வரல. அவன் ஆட்டத்த நீங்க குளிர்காலம் பூரா பாத்தீங்க. நீங்க சொன்னா கேப்பான். வாங்க."

"நான் என்னத்தச் சொல்றது?" என்றார் லார்ன். "எது நெஜம்னு எனக்கே…"

"நான்தான் அப்பன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா அது எல்லாக் கிளப்புக்கும் போயிரும், எட். பேர் வராது."

"தெரியும்," என்றார் எட்.

நாங்கள் ப்ரெண்டல் போய்ச் சேர்ந்தபோது ஆளில்லாத அரங்கத்தில் டார்சி தனியாக வலையைப் பார்த்து பக் அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடியும் கோபமாக விழுந்தது. எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

லார்ன் எட்டின் பக்கம் திரும்பினார். "உங்க ஸ்கேட் இருக்கா?"

"வண்டில கெடக்கு."

"மாட்டிட்டு எறங்குங்க. சுத்தி வாங்க." பிறகு பனியைப் பார்த்துக் கத்தினார். "டார்சி! அடிச்சது போதும். நீயும் சுத்து."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்காதடா, சுத்து! அதுக்குத்தானே நான் வந்தேன்."

தகப்பனும் பிள்ளையும் ஆளுக்கொரு கோடியில் சறுக்கினார்கள். பையன் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில்தான் கண்ணில் பட்டது. வளைவு வரும்போது இருவருக்கும் இடது தோள் முன்கூட்டியே தாழ்ந்தது. வலது கால் பின்னால் போய், பூட்ஸில் விழுந்த கல்லை உதறுவதுபோல் ஒரு உதறு உதறியது. கிழவருக்கும் அதே உதறு, பையனுக்கும் அதே உதறு.

லார்ன் பையனைப் பலகை ஓரத்துக்கு அழைத்தார். "ஊர்ல எவன் வேணா என்ன வேணா கேக்கட்டும். நான் சொல்றேன், கேட்டுக்கோ. அந்தா போறாரே, அவர்தான் உன் அப்பா."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

பையன் ஸ்கேட் முனையால் பனியைக் கீறினான். "அப்ப நான் வளரமாட்டேன்."

"மாட்டே," என்றார் லார்ன்.

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரும்பி வேகமெடுத்துப் போய் எட்டைப் பலகையோடு சேர்த்து ஒரு இடி இடித்தான். எட் பொத்தென்று உட்கார்ந்தார். தொப்பி ஒரு பக்கம் போனது. "டேய் கழுத!" என்று அவர் கத்த, அவன் கை கொடுத்துத் தூக்கினான். தூக்கிய கையை விடவில்லை.

திரும்பும் வழியில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவனுக்கு மூணு வயசுல ஸ்கேட் பழக்குனதே எட்தானே? அந்த உதறு அதுல வந்திருக்கலாமே. அது எப்படி சாட்சி ஆகும்?"

"ஆகாது."

"அப்புறம் எதுக்கு நிச்சயமா நிச்சயமான்னு அடிச்சு சொன்ன?"

"கொஞ்சம் வாய மூடிட்டு வாயேன், வெர்னா!" என்று சீறினார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் அந்தப் பையனை ஏமாற்றினாரா, நான்தான் முட்டாளா என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை.

கிளப்பின் கூட்டத்தில் லார்ன் டார்சிக்காகத் தொண்டை வற்றப் பேசினார். தலைவர் டக் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்பன் என்ன உயரம்?" "அஞ்சு ஆறு," என்றார் லார்ன். மேசை முழுக்கச் சிரித்தது. மற்ற கிளப்புகளில் டார்சியே அதைச் சொன்னான். என் அப்பா பஸ் ஓட்டுபவர், ஐந்தடி ஆறங்குலம் என்று எல்லா பேட்டியிலும் கேட்காமலே சொன்னானாம். ஜூனில் அவன் பேர் வரவில்லை. கடையில் லோரெட்டாவைப் பார்த்தேன். என் கையை அழுத்திவிட்டு மழையைப் பற்றியே பேசினாள். நிஜம் எது என்று கேட்க வாயெடுத்தேன், துணிவு வரவில்லை.

டார்சி உள்ளூர் அணியிலேயே ஆடினான். அடுத்த குளிர்காலத்தில் அவன் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்று பேச்சு வந்தது. அதற்கடுத்த குளிர்காலத்தில் ஆறடி இரண்டங்குலம். டிராஃப்டில் ஒதுக்கிய கிளப்புகள் இப்போது போட்டி போட்டுக்கொண்டு அவனை அழைத்தன. ஒன்று நேராகவே ஒப்பந்தம் போட்டது. எங்கள் கிளப் இல்லை. ஊரில் சிலர் எட்டின் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். எந்தச் சிரிப்பு என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் எட் தொலைபேசியில் கூப்பிட்டார். லார்ன் சமையலறையில் எடுத்தார். நான் படுக்கையறைத் தொலைபேசியை எடுத்து ஒட்டுக்கேட்டேன். அதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

"கையெழுத்து போட்டாச்சு," என்றார் எட். குரலில் சந்தோஷம் வழிந்தது. "வளரமாட்டேன்னு சொன்னீங்களே! எங்க வீட்டு வாசல்ல இப்ப குனிஞ்சுதான் வரான்."

"தப்பாச் சொல்லிட்டேன், எட். நான் நெறய தப்பாச் சொன்னவன்."

எட் சிரித்தார். சிரிப்பு நின்றது.

"அன்னிக்கு ரெண்டு விஷயம் சொன்னீங்க," என்றார். "இன்னொண்ணு தப்பில்லதானே?"

"தப்பில்ல," என்றார் லார்ன்.

"சரி," என்றார் எட். அதற்கப்புறமும் அவர் போனை வைக்கவில்லை. லார்னும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.