தெற்குப் பார்த்த சோலர்

தவராசா தலைமயிர் வெட்டப் போவதென்றாலும் பஞ்சாங்கம் பார்ப்பார். விதைப்புக்குப் பார்ப்பார், அது நியாயம். கிளிநொச்சிக்கு பஸ் ஏறப் பார்ப்பார், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒருமுறை பல்லுக்கொதி வந்து கன்னம் பலாக்காயாய் வீங்கிக் கிடந்தபோதும், "இண்டைக்கு மரணயோகம், நாளைக்குக் கழட்டுவம்" என்று ஒரு நாள் முழுக்க முனகிக்கொண்டு படுத்திருந்தார். ஒட்டுசுட்டானில் தவராசாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய பஞ்சாங்கத்தைத் தெரியாதவர்கள் இல்லை.

மனைவி விமலேஸ்வரி இதற்கு நேர்மாறு. வேலை முடிகிற நேரம்தான் அவருக்கு நல்ல நேரம். பின்விறாந்தையில் குஞ்சு பொரிக்கிற மெசின் ஒன்றை வைத்து ஊருக்கெல்லாம் கோழிக்குஞ்சு விற்கிறார். நல்ல வியாபாரம்தான், கரண்ட் இருக்கும்வரை. போன ஐப்பசி மழையில் கம்பி அறுந்து கரண்ட் போய்விட்டது. திரும்பி வருவதற்குள் மெசின் குளிர்ந்து, பொரிக்கிற பருவத்தில் இருந்த முட்டை அத்தனையும் வீணாகிவிட்டன. விமலேஸ்வரி ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் சத்தமில்லை. முருங்கைக்குக் கீழே கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டு, அந்த இடத்திலேயே குந்தியிருந்து செத்தவீட்டில் அழுவதுபோல அழுதார்.

தவராசாவுக்குப் பொறுக்கவில்லை. "அழாதையும். உமக்கு நான் சோலர் போட்டுத் தாறன்" என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வாக்குக் கொடுத்த நேரம் நல்ல நேரம்தானா என்று உள்ளே போய்ப் பார்த்தார்.

மார்கழியில் சோலர் வந்தது. அதைக் கூரையில் பூட்ட வந்தவள் பூவரசங்குளத்துப் பிள்ளை சாரங்கா. இந்த வேலையை முறையாகப் படித்தவள், ஒட்டுசுட்டானில் பெரியம்மா வீட்டில் தங்கி இரண்டு ஆட்களை வைத்து வேலை செய்கிறாள். ஏணியில் ஏறிக் கூரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"தெற்குப் பக்கம்தான் வாய்ப்பு, ஐயா."

"தெற்கோ?" ஏணியைப் பிடித்திருந்த தவராசா கையை விட்டுவிட்டார். "பிள்ளை, விளக்கைத் தெற்குப் பாக்க வைக்கிறது எந்த வீட்டிலை எண்டு தெரியுமோ?"

"தெரியும் ஐயா. செத்தவீட்டிலை. ஆனால் இது விளக்கில்லை, தகடு."

"வெளிச்சம் தாறதெல்லாம் விளக்குத்தான். எமன் பாக்கிற திசையிலை நான் விளக்கு வைக்கமாட்டன்."

சாரங்காவுக்குச் சிரிப்பு வந்தது. விமலேஸ்வரிக்கு வரவில்லை. தவராசாவின் தம்பி குகதாசன் கடைசிச் சண்டையில் போனவன். உடலும் கிடைக்கவில்லை, போன நாளும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் நாள் பார்த்துச் சொல்கிற மனிதருக்குச் சொந்தத் தம்பியின் திதி எந்தப் பஞ்சாங்கத்திலும் அகப்படவில்லை. வைகாசி அமாவாசையைத் திதியாக வைத்துக்கொண்டு, வருடா வருடம் வீட்டின் தெற்குப் பக்கம் ஒரு விளக்கை ஏற்றிவைத்துவிட்டு, அன்று முழுக்க ஒருவரோடும் கதையாமல் இருப்பார். "இந்த வீட்டிலை தெற்குப் பாத்து விளக்கு வைச்சது காணும், இனி வேண்டாம்" என்று அவர் மெல்லச் சொன்னார்.

"வடக்குப் பக்கம் போடுங்கோ பிள்ளை. குபேரன்ரை திசை" என்றார் தவராசா.

"வடக்கிலை போட்டால் பாதிதான் வரும் ஐயா. சூரியன் இப்ப தெற்காலை எல்லோ போகுது."

இந்த இடத்தில்தான் தவராசா துரும்புச் சீட்டை இறக்கினார். பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து விரித்து, விரலை வைத்துக் காட்டினார். "இஞ்சை பாரும். தை பிறக்க உத்தராயணம். சூரியன் வடக்குக்குத் திரும்பிடுவார்!"

"திரும்பத் தொடங்குவார் ஐயா. எங்கடை தலைக்கு மேலை வந்து சேரச் சித்திரை ஆகும்."

"வெளிக்கிட்டவர் வந்து சேருவார்தானே!"

வானசாத்திரத்தோடு வாதாடலாம், தவராசாவோடு முடியாது. சாரங்கா வடக்குக் கூரையில் தகடுகளைப் பூட்டிவிட்டு, "ஏதும் எண்டால் எடுங்கோ" என்று தன் நம்பரை விமலேஸ்வரியிடம் கொடுத்துப் போனாள்.

தைப்பொங்கல் அன்று தவராசா முற்றத்தில் பொங்கிப் படைத்து, "வாங்கோ, வடக்காலை வாங்கோ" என்று விருந்தாளிக்கு வழி காட்டுவதுபோலச் சூரியனுக்கு வழி காட்டினார். சூரியன் தன்பாட்டில் தெற்கால் போய் மேற்கில் இறங்கினார். சோலர் கரண்டைச் சேமிக்கிற பற்றரியின் மேலுள்ள சின்ன வெளிச்சம் நிறைந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், தீர்ந்தால் சிவப்பு. அது ஒருநாளும் மஞ்சளைத் தாண்டிப் பச்சைக்கு வரவில்லை. "கரண்ட் போய் உடனை உடனை வருகுது, இது காணும்" என்று விமலேஸ்வரி துணிந்து முட்டைகளை மெசினில் அடுக்கினார்.

முட்டைகள் பொரிக்கிற நாளும் கிட்டியது. ஒரு புதன்கிழமை பின்னேரம், தென்னங்குருத்துக்கு ஆசைப்பட்டு வந்த யானையொன்று மரத்தைத் தள்ளிக் கரண்ட் கம்பியின்மேல் விழுத்திவிட்டுத் தன்பாட்டில் காட்டுக்குள் போனது. ஊர் இருண்டது. மஞ்சள் பற்றரி தன்னிடம் இருந்ததைக் கொண்டு இரவைத் தாண்டியது. விடியும்போது சிவப்பு.

விமலேஸ்வரி சுடுதண்ணீரைப் போத்தல்களில் நிரப்பி முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்து, மெசினைப் போர்வையால் மூடினார். ஆறியதை எடுத்துச் சூடானதை வைத்தார். குசினிக்கும் விறாந்தைக்கும் ஓடிக்கொண்டிருந்தாரே தவிர, கணவனை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தவராசா தாங்கியிருப்பார். அந்த மௌனம்தான் அவரைப் போட்டு வதைத்தது. தன் பிடிவாதத்தால் இந்தப் பெண்பிள்ளை இன்னொருமுறை முருங்கைக்குக் கீழே குந்தியிருந்து அழப்போகிறாளே என்று நினைக்க அவருக்கு வீட்டில் நிற்க முடியவில்லை.

வேறு போக்கிடம் தெரியாமல் சிவன் கோயிலுக்குப் போனார். வியாழக்கிழமை. வியாழன்தோறும் தட்சிணாமூர்த்திக்குக் கடலை மாலை சாத்துகிறவர், அன்றும் மாலையோடு கோயில் வீதி சுற்றி வந்து வழக்கமான இடத்தில் நின்றார்.

"முட்டையளைக் காப்பாத்து, அப்பனே" என்று கும்பிட்டுக் கண்ணைத் திறந்தார். காலை வெயில் வலது கன்னத்தில் சுட்டது. வலது பக்கம் கிழக்கு. அப்படியென்றால் தான் பார்ப்பது வடக்கு. அப்படியென்றால் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்?

தவராசா மெல்லத் திரும்பிச் சாமி பார்க்கிற பக்கத்தைப் பார்த்தார். தெற்கு. சந்தேகமே இல்லாத, அச்சொட்டான தெற்கு.

தட்சிணம் என்றால் தெற்கு. தட்சிணாயனம் என்று வருடா வருடம் வாசிக்கிற மனிதர், தட்சிணாமூர்த்தி என்று வாரா வாரம் கூப்பிடுகிற மனிதர், இரண்டையும் ஒருநாளாவது சேர்த்துப் பார்த்திருக்கவேண்டாமா? விடிய விடிய இராமர் கதை கேட்டுவிட்டு, விடிந்த பிறகு இராமர் சீதைக்கு என்ன முறை என்று கேட்ட கதைதான்.

"நீயே தெற்குப் பாத்துக்கொண்டு இருக்கிறாய், எனக்கொரு சொல்லுச் சொல்லக்கூடாதோ!" என்று சாமியிடம் உரிமையோடு கோபித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். வீட்டுக்குள் வந்ததும் வராததுமாய் விமலேஸ்வரியின் போனைப் பறித்துச் சாரங்காவை எடுத்தார்.

"பிள்ளை, தெற்கிலை போடுவம். வாங்கோ."

அவரை நன்றாகப் படித்துவைத்திருந்த பிள்ளை சாரங்கா. "ஐயா, இப்ப எமகண்டம் எல்லோ? முடியட்டும், வாறன்."

"முட்டைக்கு எமகண்டம் தெரியாது பிள்ளை. உடனை வாங்கோ!"

குசினி வாசலில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு நின்ற விமலேஸ்வரி, கணவனை ஏற இறங்கப் பார்த்தார். "இஞ்சருங்கோ, காய்ச்சல் ஏதும் அடிக்குதோ?"

எமகண்டத்தில், எமனுடைய திசையில், தகடுகள் ஏறின. ஏணியைத் தவராசாதான் பிடித்தார், இந்தமுறை கையை விடவில்லை. மத்தியானம் போகமுன்னமே சிவப்பு மஞ்சளாகி, பின்னேரம் பச்சையானது. அந்த வீட்டில் முதன்முதல் பச்சை. கம்பி கட்ட ஆட்கள் மறுநாள்தான் வந்தார்கள், அதுவரை மெசின் சூடு குறையாமல் நின்றது.

சனிக்கிழமை காலை விமலேஸ்வரி முட்டையொன்றை எடுத்துக் காதில் வைத்தார். பிறகு அதைத் தவராசாவின் காதில் வைத்தார். உள்ளே கீச்சென்றது. கொஞ்சநேரத்தில் ஓடு விரிந்து ஈரத்தலையொன்று வெளியே வந்தது. பொழுது சாய்வதற்குள் விறாந்தை முழுக்க ஒரே கீச்சுமூச்சு, நாலைந்து கூழ்முட்டையைத் தவிர மிச்சமெல்லாம் பொரித்துவிட்டன. விமலேஸ்வரி அழுதார். இது வேறு அழுகை என்று தெரிந்தாலும் தவராசாவுக்குக் கை கால் ஓடவில்லை.

அடுத்த வியாழன், இரண்டு கடலை மாலைகள் கட்டினார். ஒன்று கோயிலுக்கு. மற்றதை ஏணி வைத்து ஏறித் தகட்டுக்குச் சாத்திவிட்டார்.

"கழட்டுங்கோ! நிழல் விழுந்தால் கரண்ட் குறையும் எண்டு அந்தப் பிள்ளை சொன்னதெல்லோ?" என்று கீழே நின்று சத்தம் போட்டார் விமலேஸ்வரி.

தவராசா கழட்டினார். ஆனால் உடனே இறங்கவில்லை. ஏணியின் மேற்படியில் நின்றபடி, வைகாசியில் தான் விளக்கு வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகட்டில் பட்டுத் தெறித்த வெயில் அங்கே சதுரமாய் விழுந்திருந்தது.

"விமலா, தம்பியின்ரை பக்கம் நல்ல வெளிச்சமாய்க் கிடக்கு."

"ஓம், எனக்கும் தெரியுது. இறங்குங்கோ, ஏணி ஆடுது" என்ற விமலேஸ்வரி, இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.