ஒரு வேன் வித்தியாசத்தில்

கூமாப்பட்டி சங்கிலிப்பாண்டி பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு, ஹவில்தாராக ஓய்வு பெற்று, முப்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பினார். கூடவே இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள், எதையும் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்கிற வியாதி எல்லாம் வந்து இறங்கின.

மூத்தவள் கனகலட்சுமி, எட்டு வயது, மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். இளையவன் வல்லரசு, யு.கே.ஜி. அவனுக்கு அந்தப் பேரை யார் வைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கனகா அதற்குள் மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். ஜோத்பூர், பட்டிண்டா, பத்தான்கோட். அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் அவளுக்கும் மாற்றல். ஒருநாள் அவளுடைய பழைய நோட்டுகளை அடுக்கும்போது சங்கிலிப்பாண்டி ஒன்றைக் கவனித்தார். எல்லா லேபிளும் பென்சிலில் எழுதியிருந்தது.

“ஏம்மா பேனாவுல எழுதக்கூடாதா?”

“மாறும்லப்பா. பேனான்னா அழிக்க முடியாது.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சும்மா தகவலாகத்தான் சொன்னாள். அவர் அடுக்குவதை நிறுத்தினார். “இனிமே மாத்தமாட்டேன் தாயி. இப்பம் சேக்கப்போற பள்ளிக்கூடந்தான் கடைசி. அப்பா சத்தியம்” என்றார். கனகா தலையாட்டினாள். பெரியவர்களின் சத்தியங்களை அவளும் கொஞ்சம் பார்த்திருக்கிறாள்.

ஆக, ஒரே ஒரு தடவைதான் தேர்வு செய்யலாம். தப்பு வரக்கூடாது. கூமாப்பட்டியில் தங்குவதில்லை என்று மனைவி ஜெயசித்ரா ரயிலிலேயே முடிவெடுத்திருந்தாள். மிச்சம் இருந்தது ராஜபாளையமா, ஸ்ரீவில்லிபுத்தூரா என்பதுதான். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் மூன்று மாதம் சண்டை போட முடியும் என்பது, எல்லையில் காவல் நின்றவருக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் சொந்தபந்தத்தைக் கூட்டி ஆலோசனை. அக்கா புருஷன் குருசாமி ராஜபாளையத்தில் மில் சூப்பர்வைசர். அவர் சட்டை பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

“மாப்ளே, படிப்புன்னா வில்லிபுத்தூர்தான். எங்க ஊர்ல எல்லாவனுக்கும் மில்லு நெனப்பு. பயலுவ ஏபிசிடி முடிக்கு முன்ன பிசினஸ் பேசுதான். நான் என் பிள்ளைய ரெண்டையும் வேன் வச்சு அங்கதான் அனுப்புதேன்.”

ஜெயசித்ராவின் அண்ணன் வேலுசாமி ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கும் போலீஸ் ஏட்டு. அவர் சிரித்தார். “எங்க ஊர்ல என்னத்த படிக்க? ஆண்டாளுக்கு ஒரு விசேஷம்னா பிள்ளைய கிளாஸ்ல இருக்காது. ராசபாளையம் போங்க மாப்ளே. எம்புட்டு ஸ்கூலு! எம் பிள்ளைய அங்கதான் போவுது, வேன்ல.”

சங்கிலிப்பாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்பம் நீங்க ரெண்டு பேரும் வீட்ட மாத்திக்கிட்டா வேன் மிச்சம்லா?”

அதுவரை ஒருவரையொருவர் பிடிக்காமல் உட்கார்ந்திருந்த இருவரும் அந்த நிமிஷமே ஒன்று சேர்ந்து அவரை முறைத்தார்கள். பட்டாளத்துக்காரனுக்கு ஊர் நிலவரம் தெரியாது என்று காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆள் பேச்சை நம்பிப் பயனில்லை, தரையைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். ராணுவத்தில் ஒரு இடத்தைப் பிடிப்பதற்கு முன்னால் போய் நோட்டம் பார்த்து வருவார்கள். அதே மாதிரி ஒரு பச்சை அட்டை நோட்டும் பைக்குமாகக் கிளம்பினார். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, சாக்கடை மூடியிருக்கிறதா, நாய் எத்தனை, ஒயின் ஷாப் எத்தனை அடி தூரம். எல்லாவற்றுக்கும் மதிப்பெண்.

ராஜபாளையத்தில் ஒரு வீடு பிடித்துப்போனது. வாசலில் உயரமாக ஒரு வெள்ளை நாய் நின்றது. அது ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. வீட்டுக்காரர் அத்தனை சுலபமாக விடவில்லை.

“சொந்த ஊரு?”

“கூமாப்பட்டி.”

“கூமாப்பட்டின்னா எந்தப் பக்கம்?”

“வத்திராயிருப்பு பக்கம்.”

“அது தெரியும் சார். கூமாப்பட்டியில எந்தப் பக்கம்? எந்தத் தெரு?”

பதினேழு வருஷத்தில் பனிமலையில் பக்கத்தில் படுத்தவன்கூட அவரிடம் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. சொன்னார். வீட்டுக்காரர் உள்ளே திரும்பித் தெலுங்கில் ஏதோ பேசிவிட்டு, தம்பி மகனுக்கு வீடு தேவைப்படலாம் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே கேள்விதான், தமிழிலேயே. ஆனால் அங்கே வேலுசாமியின் காக்கிச் சட்டை கூட வந்ததால் பதிலுக்காக யாரும் காத்திருக்கவில்லை. வாரம் மூன்று நாள் தண்ணீர் வரும் தெருவில், மாடி வீடு கிடைத்தது. குடியேறினார்கள்.

இனி பள்ளிக்கூடம். அதையும் இரண்டு ஊரிலும் நோட்டோடு போய்ப் பார்த்தார். ஒரு பள்ளியில் குதிரை நின்றது. குதிரையேற்றம் உண்டு என்றார்கள். வல்லரசு அங்கேயே தங்கிவிடுகிறேன் என்றான். வாட்ச்மேனிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்ததில், அட்மிஷன் நடக்கும் இரண்டு மாதம் மட்டுமே குதிரை நிற்கும், பிறகு கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்விடும் என்று தெரிந்தது. இன்னொரு பள்ளியில் பெற்றோருக்கு நேர்முகத் தேர்வு. ஒரு பட்டாலியன் எதிரே நடுங்காமல் நின்றவர், இருபத்தெட்டு வயது பிரின்சிபால் அம்மாவின் முன்னால் கர்ச்சீப்பைப் பிழிந்தார். அந்தம்மா கனகாவிடம், “உன் ஊரு எது பாப்பா?” என்று கேட்டபோது, கனகா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பச்சை நோட்டைப் புரட்டினார்.

எல்லாப் பள்ளிக்கும் மதிப்பெண் போட்டுப் பார்த்ததில் எல்லாம் எழுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் வந்து நின்றன. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. ஊர்ச் சனங்கள் வாயால் எது வேண்டுமானாலும் சொல்வார்கள், ஆனால் பெற்ற பிள்ளையை எந்தப் பக்கம் அனுப்புகிறார்கள் என்பதில் பொய் இருக்காது. அதை எண்ணிவிட்டால் போதும்.

வன்னியம்பட்டி விலக்கில் ஒரு டீக்கடை. இரண்டு ஊர் வேனும் அந்தச் சாலையில்தான் போயாக வேண்டும். மூன்று நாள், காலை ஏழு மணியிலிருந்து எட்டரை வரை, பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்தார். தெற்கே ராஜபாளையம் போகும் வேனுக்கு ஒரு பக்கம், வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வேனுக்கு மறுபக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் வண்டி நம்பர்.

முதல் நாள் தெற்கே இருபத்தேழு, வடக்கே இருபத்தாறு. இரண்டாம் நாள் அப்படியே தலைகீழ். டீக்கடைக்காரர் பொறுக்க முடியாமல், “சார் ஆர்.டி.ஓ ஆபீசா?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். “அங்க உள்ளவிய இங்க அனுப்புதாவ, இங்க உள்ளவிய அங்க அனுப்புதாவ. நானும் பத்து வருசமா பாக்கேன். பெட்ரோல் பங்க்காரன் ஒருத்தந்தான் பாஸாயிருக்கான்.”

மூன்றாம் நாள் எட்டு இருபதுவரை சரிசமம். நோட்டை மூடப்போகும்போது கடைசியாக ஒரு மஞ்சள் வேன் தெற்கே பறந்தது. 4417. மூன்று நாள் கணக்கில் ராஜபாளையம் ஒரு வேன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அன்று மாலையே அட்மிஷன். குடியிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூர், படிப்பு ராஜபாளையம். வேலுசாமி முதுகில் தட்டிக்கொடுத்தார். குருசாமி இரண்டு மாதம் போன் எடுக்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. எதிர் வரிசையில் குடியிருந்த பீர் மைதீன் சொந்தமாக வேன் ஓட்டுபவர். அந்த வருஷம் அவருக்கு ராஜபாளையம் ட்ரிப் கிடைத்திருந்ததால் பிள்ளைகளை அவர் வேனிலேயே ஏற்றிவிட்டார்கள். ஏழு மணிக்கே ஏற வேண்டும், ஏனென்றால் அதன் பிறகு வேன் ஊரில் உள்ள அத்தனை சந்துக்கும் போய்ப் பிள்ளை பொறுக்கும். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். வல்லரசு வேனிலேயே இட்லியைத் தின்று வேனிலேயே கக்கினான். கனகா சாயங்காலம் ஐந்தரைக்கு இறங்கி, பையை மாடிப்படியில் போட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடுவாள்.

அங்கே பீர் மைதீனின் மகள் சப்ரீன் இருந்தாள். அவளும் மூன்றாம் வகுப்புதான். தெருக்கோடியில் இருந்த பழைய எய்டட் பள்ளியில் படித்தாள். அப்பா முப்பது பிள்ளைகளை ராஜபாளையம் கொண்டுபோய் இறக்குகிறார், மகள் ஒன்பது மணிக்கு எழுந்து ஒன்பதரைக்கு நடந்து போகிறாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

“நானும் சப்ரீன் கூட போவட்டாப்பா?” என்று கனகா ஒருநாள் கேட்டாள்.

சங்கிலிப்பாண்டி பச்சை நோட்டை எடுத்துப் பிரித்து, ராஜபாளையம் எண்பது வேன், ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்தொன்பது என்று அவளுக்கு விளக்கினார். எட்டு வயதுப் பிள்ளை முழுவதையும் கேட்டுக்கொண்டு, “சரிப்பா” என்றது.

இதற்கிடையில் நோட்டின் புகழ் பரவிவிட்டது. பட்டாளத்திலிருந்து திரும்புகிற ஒவ்வொருவனும் அவரைத் தேடி வந்தான். ஆடி பிறந்த சமயம், முத்துப்பாண்டி என்ற சுபேதார் பிள்ளை குட்டிகளோடு வந்து, “அண்ணே, அந்தக் கணக்கு கொஞ்சம் பழசாயிட்டுல்லா? புதுசா எடுத்துச் சொன்னியன்னா நானும் சேத்துருவேன்” என்றார். சங்கிலிப்பாண்டிக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாள் காலையில் பழைய பெஞ்சு, பழைய டீ.

அன்று தெற்கே வேன்கள் நிறைய. பதினைந்து, பதினாறு. மனசுக்குள் துள்ளல். அடுத்து ஒன்று வந்தது. பதினேழு என்று கோடு போட்டார். நிமிர்ந்து நம்பரைப் பார்க்கும்போது ஜன்னல் கண்ணாடியில் ஒரு முகம் ஒட்டியிருந்தது. வாய் திறந்தபடி, ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து, கன்னம் கண்ணாடியில் நசுங்கி, வேன் குலுங்கும்போதெல்லாம் தலை மோதியும் எழுந்திருக்காத தூக்கம். வேன் கடந்துபோய் அரை நிமிஷம் கழித்துத்தான் அது கனகா என்று அவருக்கு உறைத்தது.

பெற்ற மகளைக் கோடாகப் போட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு போன வேன்களை அவர் எண்ணவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. “என்ன சார், இன்னைக்கு யாரு முன்ன நிக்கா?” என்று கடைக்காரர் கேட்டதும் நோட்டைக் குனிந்து பார்த்தார்.

கோட்டின் பக்கத்தில் 4417 என்று பழக்கத்தில் கை எழுதியிருந்தது. இந்த நம்பரை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பழைய பக்கங்களைப் புரட்டினார். மூன்றாம் நாள், எட்டு இருபது, கடைசி வேன். ராஜபாளையத்தை ஜெயிக்க வைத்த வேன்.

சாயங்காலம் பீர் மைதீனிடம் நோட்டைக் காட்டிக் கேட்டார். அவர் தேதியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“அப்பம் நான் ஊருக்குள்ளதான ட்ரிப் அடிச்சேன்! அன்னைக்கு பிரேக் பிடிக்கல சார். பிள்ளையள ஆட்டோவுல ஏத்திவிட்டுட்டு, ராசபாளையம் வொர்க்‌ஷாப்புக்கு வெறும் வண்டியால்லா ஓட்டிட்டுப் போனேன். ஏன் சார், எதும் கேசா?”

சங்கிலிப்பாண்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிரேக் பிடிக்காத வெறும் வேன் ஒன்று அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்துக் கொடுத்திருக்கிறது. சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே வெட்கம் வந்தது. “நீங்க ஏன் சப்ரீன இங்கயே போட்டிய?” என்று மட்டும் கேட்டார்.

“பக்கத்துல இருக்குல்லா சார்” என்றார் பீர் மைதீன். இதில் விளக்க என்ன இருக்கிறது என்பது போல அவர் பார்த்தார்.

விஷயத்தையும், பிள்ளைகளைத் தெருக்கோடிப் பள்ளிக்கு மாற்றப்போவதையும் சொன்னதும் ஜெயசித்ரா, “எங்க அண்ணன் என்ன சொல்லுவாவ? தெருக்கோடி ஸ்கூல்ல சேக்கவா பட்டாளத்துல இருந்து வந்தோம்னு கேப்பாவல்லா?” என்றாள். பிறகு அவளே, “கேட்டா கேக்கட்டும். தெனமும் தூங்குத பிள்ளைய எழுப்பி வேன்ல ஏத்துதது அவிய இல்ல, நான்” என்றாள்.

சொல்ல வேண்டியது இன்னும் ஒருத்தியிடம்தான் பாக்கி. அதுதான் கஷ்டமாக இருந்தது. மாற்றமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய வாயாலேயே மாற்றுகிறேன் என்று சொல்ல வேண்டும். கனகா கேட்டதும் குதிக்கவில்லை. “நெசமாவா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

தலைமை ஆசிரியை ஆவுடையம்மாள் டீச்சர் பெற்றோரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கனகாவிடம் மட்டும், “தமிழ் வாசிப்பியாட்டி?” என்றார்.

“சப்ரீன் சொல்லித் தந்தா. கொஞ்சம் வரும்.”

“அப்பம் அவ பக்கத்துலயே உக்காரு” என்றார். அட்மிஷன் முடிந்தது. தம்பிக்கு மணல் குவித்த ஒரு மூலையும், உடைந்த சறுக்கு ஒன்றும் கிடைத்தன. குதிரை எங்கே என்று அவன் கேட்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் கனகா தரையில் உட்கார்ந்து புது நோட்டுகளுக்கு லேபிள் எழுதினாள். சங்கிலிப்பாண்டி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, பேப்பர் படிக்கிற மாதிரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேனாவை எடுத்தாள். ச. கனகலட்சுமி என்று பேனாவில் எழுதினாள். மூன்றாம் வகுப்பு, அதுவும் பேனாவில். அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

பள்ளியின் பெயர் எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

“ஏம்மா?”

“அரைப் பரிட்சை முடியட்டும்ப்பா” என்றாள் கனகா, அவரைத் தேற்றுகிற குரலில். “பொறவு பேனாவுல எழுதுதேன்.”

சங்கிலிப்பாண்டி சத்தியம் எதுவும் செய்யவில்லை. பென்சில் முனை மழுங்கியிருந்தது. அதை வாங்கிச் சீவிக் கொடுத்தார்.