அம்மாவுக்கு எல்லாம் முடியும்

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே நன்றாகச் சிங்களம் பேசத் தெரிந்தவள் நான்தான் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டம். நாலாம் வகுப்பு வரை கீழே கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அதனால் கிராம சேவகரைப் பார்க்கப் போகிறவர்கள், வங்கிக்குப் போகிறவர்கள், பஸ்ஸில் விட்ட பையைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வரும் வழியில் பேக்கரியில் ஒரு பனிஸ் வாங்கித் தருவார்கள். பெரியம்மா என்னைத் தொரசாணி என்று கூப்பிடுவாள். கேலிதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. அம்மா மட்டும் சிங்கள ஆட்கள் முன்னால் வாயைத் திறக்க மாட்டாள். என்னை முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொள்வாள்.

அந்த வருடம் ஆஸ்பத்திரியில் நான் செய்த காரியத்தை அந்தப் பெருமையின் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பெருமை அதில் கால்வாசிதான். மீதியெல்லாம் பயம்.

பயம் விடியற்காலையில் தொடங்கும். அம்மா நாலரை மணிக்கே விழித்துவிடுவாள், ஆனால் எழுந்திருக்க மாட்டாள். கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கிடப்பாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் விரல்களையே பார்ப்பேன். அவை வீங்கி, மூட்டுக்கு மூட்டு பளபளவென்று இருக்கும். முதல் விரல் அசைகிறவரைக்கும் எனக்கு மூச்சு ஒழுங்காக வராது. ஒரு நாள் அசையாமலே இருந்துவிட்டால் யாரிடம் ஓடுவது என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன். பிறகு எழுந்து அடுப்பை மூட்டி, வெந்நீரை ஒரு பேசினில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பேன். அதற்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு மணி நேரம் போனால்தான் விரல்கள் மடங்கும். ரவிக்கைக் கொக்கியை நான்தான் மாட்டிவிடுவேன், தலையும் நான்தான் வாரிவிடுவேன். ஏழு மணிக்குப் பெரட்டுக்களத்தில் போய் நின்று வேலைக்குப் பேர் கொடுக்கும்போது, நாலரை மணிக்கு அப்படிக் கிடந்தவள் இவள்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மலையில் அவளுக்கு இரண்டு பக்கமும் நிரை பிடித்த பெண்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். கங்காணி அந்த நேரம் பார்த்து வானத்தில் மழை இருக்கிறதா என்று பார்ப்பார். அப்படியும் கொழுந்து எடை குறைந்து, பாதி நாள் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். அப்பா தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவார். அவர் வருகிற அன்று அம்மாவின் கை நன்றாக இருக்கும். அதாவது, நன்றாக இருப்பதுபோல நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வோம்.

அம்மாவின் கைக்காக மாத்தளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவதற்கு முதல் நாள் பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா, அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்தவள். மேல் லயத்து அக்கா ஒருத்தியின் கதையைக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கும் அம்மாவைப் போலக் கைதானாம். இனி வேலை செய்ய முடியாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதினார்களாம். அது தோட்டத்து ஆபீசுக்குப் போனதாம். பேரை வெட்டிவிட்டார்களாம். குடியிருந்த காம்பராவையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். இதில் எதைப் பெரியம்மா கண்ணால் கண்டாள் என்று கேட்க எனக்கு அப்போது புத்தி இல்லை.

“ஒம் பேரயும் வெட்டிட்டா என்னா செய்வ? புள்ளைய கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான். ஒரு வீட்டுல வேலைக்கு ஆள் கேட்டாங்க. நல்ல மனுசங்களாம். சோறு, துணி எல்லாம் குடுப்பாங்களாம்.”

அம்மா கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள். “தேத்தண்ணி ஆறுது, குடிக்கா,” என்றாள்.

கீழ் லயத்திலிருந்து அப்படிப் போன ஒருத்தி தீபாவளிக்கு வந்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எங்களோடு விளையாட வரவில்லை. லயத்துக் கோடியில் நின்று கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் என் வயதுதான்.

மறுநாள் மாத்தளைக்கு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் வழக்கமாகத் தமிழ் பேசி உதவி செய்கிற அம்மாள் அன்றைக்கு லீவு. எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார்கள். உள்ளே இளவயது நர்ஸ் மிஸ் ஒருவர் ஒரு படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிங்களம் தெரியும் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

“நான் கேக்கிறத அம்மாகிட்ட கேட்டு, அவங்க சொல்றத அப்படியே சொல்லணும் மகள். இதப் பாத்துத்தான் டொக்டர் மருந்து எழுதுவார்,” என்றார் சிங்களத்தில்.

மருந்து என்றது காதில் விழத்தான் செய்தது. எழுதுவார் என்றதுதான் உள்ளே போனது.

படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பெட்டிகள் இருந்தன. கஷ்டமில்லாமல் முடியும், கொஞ்சம் கஷ்டம், நிறையக் கஷ்டம், முடியவே முடியாது. அந்தக் கடைசிப் பெட்டியை இரண்டு தடவை படித்தேன். பெரியம்மா சொன்ன துண்டு இதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

முதல் கேள்வி, தானாக உடுத்திக்கொள்ள முடியுமா, கொக்கி பொத்தான் போட முடியுமா என்பது. அம்மாவிடம் கேட்டேன்.

“நீதானே மாட்டிவிடுற. ஒனக்குத் தெரியாதா?” என்றாள்.

மிஸ் பக்கம் திரும்பி, “புளுவன்,” என்றேன். முடியும் என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல். மிஸ் முதல் பெட்டியில் ஒரு சரி போட்டார்.

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன.

நிறைந்த கோப்பையை வாய்வரை தூக்க முடியுமா?

“ஒத்தக் கையில புடிச்சா நழுவுது. ரெண்டு கையிலயும் ஏந்தித்தான் குடிக்கிறேன். போன மாசம் கோப்பைய பூனை தள்ளிருச்சுன்னேன்ல, அது பூனை இல்ல.”

அந்தப் பூனையை நான் விளக்குமாற்றால் அடித்திருந்தேன். “புளுவன்,” என்றேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியுமா?

அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “கக்கூசுல குந்துனா சொவத்தப் புடிச்சாத்தான் எந்திரிக்க முடியும். ஒரு நாளு முடியாமலே போயிருச்சு. ரொம்ப நேரம் அங்கனயே இருந்தேன். ஒன்னயக் கூப்புட வெக்கமா இருந்துச்சு.”

இதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மாவின் கையைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் நான்தான் என்று இருந்தேன். அவளோ கேள்விக்குக் கேள்வி, இத்தனை நாளும் சொல்லாததை ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். குழாயைத் திருக உள்ளங்கையால் தள்ளுகிறாள். மழை நாளில் படியில் இறங்கும்போது எங்கே விழுந்துவிடுவோமோ என்று பின்பக்கமாக இறங்குகிறாள். கேட்கக் கேட்க எனக்கு அழுகை முட்டியது. அழுதால் காரியம் கெட்டுவிடும். ஒவ்வொன்றுக்கும் புளுவன், புளுவன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது.

கார் கதவைத் திறக்க முடியுமா என்றும் ஒரு கேள்வி இருந்தது.

“காருல ஏறியிருந்தாத்தானே தெரியும்,” என்றாள் அம்மா. அந்த ஒன்றை மட்டும் உள்ளபடி சொன்னேன். மிஸ் சிரித்துவிட்டு அதற்கும் முதல் பெட்டியிலேயே சரி போட்டார்.

கடைசியில் அவர் தாளைத் திருப்பினார். அதில் ஒரே ஒரு நீளக் கோடு இருந்தது. ஒரு முனை நல்ல சுகம், மறுமுனை மிக மோசம். இப்போது உடம்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அம்மாவே விரலால் காட்ட வேண்டும்.

இதில் நான் நடுவில் நிற்க இடமே இல்லை. கோட்டின் கருத்தை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இரண்டு முனையிலும் சிரிக்கிற முகமும் அழுகிற முகமும் போட்டிருந்தார்கள். உள்ளதைத்தான் சொன்னேன். அம்மா கையைத் தூக்கி அழுகிற முகத்தின் பக்கத்தில் வைத்தாள். மிஸ் பேனாவை எடுத்தார்.

அப்போது அம்மா என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. விரல் மட்டும் தனியாக நகராது என்பதால் முழுக் கையையும் தாளின் மேல் இழுத்துக்கொண்டு போனாள். மெதுவாக, கோடு முழுவதையும் கடந்து, சிரிக்கிற முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தினாள்.

அம்மா முனைகளைக் குழப்பிக்கொண்டாள் என்று நினைத்தேன். தப்பித்தோம் என்றும் நினைத்தேன்.

மிஸ் அவள் கையைத் தூக்கிப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நிச்சயமா மகள்?” என்று கேட்டார். நிச்சயம் என்றேன். உள்ளே டொக்டர் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். அம்மா ஒவ்வொரு தடவையும் இல்லை என்று தலையாட்டினாள். மேல் உதடு மட்டும் வேர்த்திருந்தது.

“பலமான மருந்து ஒண்ணு தொடங்கலாம்னு இருந்தேன். இவ்வளவு நல்லா இருந்தா இப்போதைக்கு வேணாம். ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்,” என்றார்.

நான் அதில் பாதியைத்தான் அம்மாவுக்குச் சொன்னேன். “நல்லா இருக்கீங்களாம்.”

அந்த ஆறு மாதத்தில் அம்மாவின் வலது கையில் நாலு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. பிறகு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். வலி அடங்கியது, வீக்கம் வற்றியது, காலையில் எழும்பினாள். சாய்ந்த விரல் சாய்ந்ததுதான். இன்றைக்கும் போனை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டுதான் என்னோடு பேசுகிறாள். அந்தப் படிவம் கிளினிக் பைலை விட்டு எங்கும் போகிறதில்லை என்பதும், மேல் லயத்து அக்கா தானாகவே மகன் வீட்டோடு போய்விட்டாள் என்பதும் பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்தது.

ஆனால் அன்று திரும்பி வரும் பஸ்ஸில் என்னைப்போலச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள். காம்பரா எங்களுடையது. என் முடி என் தலையில். ஜன்னலோரம் எனக்கு, நடுவில் அம்மா, அந்தப் பக்கம் மிளகு மூட்டையை மடியில் வைத்திருந்த ஒரு சிங்களப் பெண். அவள் அம்மாவின் கையைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டாள்.

அம்மா பதில் சொன்னாள். தடங்கலில்லாமல், என்னைவிட வேகமாக, சிங்களத்தில்.

“கிளினிக் போயிட்டு வர்றோம். எல்லாம் முடியும்னு மகள் சொல்லிட்டா. அப்படியே எழுதிக்கிட்டாங்க.”

நான் அங்கே சொன்ன ஒவ்வொரு புளுவனும் அவளுக்குப் புரிந்திருக்கும் என்பது அப்போதுகூட என் மண்டையில் ஏறவில்லை. என்னைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்கிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இவ்வளவு நல்ல சிங்களம் எங்க பழகினீங்க?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“நாலந்தாவுல. இவ வயசுல ஒரு வீட்டுல வேலைக்கு விட்டுட்டாங்க. அஞ்சு வருசம் இருந்தேன்,” என்றாள் அம்மா.

நாலந்தா என்றதும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போன சுற்றுலா ஞாபகத்துக்கு வந்தது. அங்கே பழைய கற்கோயில் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிவிட்டு, தண்ணீர்க் கரையில் உட்கார்ந்து முட்டை பனிஸ் சாப்பிட்டோம். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து வருடம் இருந்த அம்மா கொடுத்துவைத்தவள்தான் என்று நினைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.