அமாவாசையைக் கொடுத்து வாங்கிய செவ்வாய்

எங்கள் கடைக்கு ஒரு நாள் காலையில் பன்னிரண்டு ஸ்டூல்கள் வந்து இறங்கின. காந்தி ரோட்டில் பட்டுப்புடவைக் கடை. நான் அங்கே ஒன்பது வருஷமாகப் புடவை விரித்துக் காட்டுகிறேன். காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் முழங்கால் மடங்கும். வருகிறவர்கள் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் நின்றபடி நூறு புடவையை விரிப்போம், நூறையும் மடிப்போம். கடைசியில் "அந்த முதல்ல காட்டினதையே எடுங்க" என்பார்கள், அதையும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்வோம். அப்படிப்பட்ட எங்களுக்கு உட்காரச் சட்டம் இருக்கிறது என்று மேனேஜர் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. முதல் வாரம் அந்த ஸ்டூல்களில் எங்கள் கைப்பைகள்தான் உட்கார்ந்திருந்தன.

ஸ்டூலோடு ஒரு போர்டும் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம், அதற்கு மேல் போனால் ஓவர்டைம், வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் லீவு. சட்டமெல்லாம் எப்போதோ வந்ததுதானாம். எங்கள் கடைப் படி ஏறத்தான் இத்தனை நாள் பிடித்திருக்கிறது. தொழிலாளர் ஆபீஸிலிருந்து யாரோ வந்துபோனதாகப் பேசிக்கொண்டார்கள். எது எப்படியோ, அன்றைக்கு மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டி, சனி ஞாயிறு தவிர யாருக்கு எந்தக் கிழமை வேண்டுமோ எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

எனக்கு எதிலும் அவசரம். செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணப் புடவை எடுக்க வரமாட்டார்கள், வேலை குறைவான அந்த நாளை யாரும் லீவாகக் கேட்க மாட்டார்கள், போட்டி இருக்காது, சண்டையும் வராது என்று கணக்குப் போட்டு, செவ்வாய் என்று எழுதி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். மாசத்துக்கு நாலு லீவு! போகிற வழியில் கால் கிலோ மைசூர்பா கூட வாங்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையே தறிதான். அவரோடு அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனாரும் நெய்கிறார். கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்து இருப்பவர். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்த்து நெய்கிற புடவைக்குத் தறியில் ரெண்டு பேர் வேண்டும். இவர் நடுவில் உட்கார்ந்து உடம்பை நெய்ய, அக்கா இடது பக்கம் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே தள்ளுவார். ஒருத்தர் எழுந்தால் இன்னொருத்தர் கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மைசூர்பாவை வாயில் போட்டுக்கொண்டே அவர் கேட்டார்.

"எல்லாம் சரி. அமாவாசைக்கு இன்னா பண்ணுவ?"

எனக்கு அப்போதுதான் சுரீர் என்றது.

தறிக்காரர்களுக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் ஒன்றுதான். அமாவாசை அன்றைக்கு மட்டும் தறியில் கை வைக்க மாட்டார்கள். தறியைத் துணி போட்டு மூடி, வீட்டைக் கழுவி, படையல் போட்டு, காக்காய்க்கு வைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். மாசத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு. எங்கள் மேனேஜரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. போர்டெல்லாம் வருவதற்கு முன்னால், அமாவாசைக்கு லீவு கேட்டால், "போம்மா போ, தறி தூங்குற நாளு" என்று சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிடுவார். படையல் முடிந்ததும் நானும் இவரும் பைக்கில் ஓரிக்கைப் பக்கம் போய் பாலாற்று மணலில் உட்காருவோம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். இவர் என் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ரெண்டு பேரும் வெளிச்சத்தில் சேர்ந்து இருந்தது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். மற்ற நாளெல்லாம் நான் வரும்போது அவர் முதுகு பிடித்துப்போய்ப் படுத்திருப்பார்.

அந்த நாளைத்தான் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றேன். எனக்கு நாலு செவ்வாய் வேண்டாம், அமாவாசை ஒன்று போதும் என்றேன்.

"அது ஆகாதுமா. ஏழு நாளைக்கு ஒரு லீவு, எழுதிக் குடுத்த கிழமையிலயே குடுத்தாகணும். நீயே வேணாம்னாலும் நான் குடுத்தாகணும்."

"அப்ப செவ்வாயும் எடுத்துக்கறேன், அமாவாசையும் குடுங்க. வருஷத்துக்கு இத்தினி நாளுன்னு தனி லீவு இருக்குதாமே?"

"அது காய்ச்சல், சாவு, கல்யாணத்துக்கு. அமாவாசை இதுல எதுல வருது? இங்க பாதிப் பொண்ணுங்க தறிக்காரர் வீடு. இப்ப வாரா வாரம் லீவு வேற போகுது, உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. அன்னிக்கு நான் ஒருத்தனே புடவைய விரிச்சிக்கினு நிக்கணுமா?"

பேசிக்கொண்டே பக்கத்திலிருந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளி, "உக்காந்து பேசேன்" என்றார் வேறு. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு முழுக்க நின்றுகொண்டே இருந்தேன். யாருக்கு நஷ்டம்? என் காலுக்குத்தான்.

சரி, என் வீட்டுக்காரரையே செவ்வாயில் லீவு போடச் சொன்னால் என்ன? கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் அக்கா நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இவன் உன்னோட ஊர் சுத்த, நான் கையக் கட்டிக்கினு இங்க உக்காரணுமா? வாரத்துக்கு ஒரு நாள் தறி நின்னா புடவை எப்ப இறங்கும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

செவ்வாய்க்கிழமைகள் வர ஆரம்பித்தன. வீட்டில் இருந்தேன். துணி துவைத்தேன், அரிசி புடைத்தேன், பத்து மணிக்கெல்லாம் வேலை தீர்ந்துவிடும். முன்னறையில் அவர்கள் ரெண்டு பேரும் தடக் தடக்கென்று நெய்துகொண்டிருப்பார்கள். நான் உள்ளே உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். நடுவில் ஒரு அமாவாசை வந்து போனது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லை. மதியம் அவரிடமிருந்து போன். "மணல்ல உக்காந்துக்கினு இருக்கேன். தலைக்கு வைக்கப் பை இல்ல" என்றார். நான் ஒரு கையில் போனும் ஒரு கையில் அரக்குப் புடவையுமாக நின்றேன். அழுகை வந்துவிட்டது. புடவை வாங்க வந்த அம்மா, விலை கேட்டதற்கா அழுகிறாய் என்று பதறிப்போனார்.

அடுத்த செவ்வாய் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா தோளை அழுத்திப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஏதோ தோன்றிக் கேட்டேன்.

"அக்கா, உங்களுக்கு எப்ப லீவு?"

"அமாவாசைதான்."

"அமாவாசை அன்னிக்கு வீடு கழுவுறது, படையல் பண்றது எல்லாம் நீங்கதான?"

அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

நான் கூரம் பக்கத்து விவசாயக் குடும்பம். தறியில் உட்காரத் தெரியாது. ஆனால் கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டுக் கரை நாடா தள்ளக் கொஞ்சம் பழகியிருந்தேன். "எழுந்திருங்க. இன்னிக்கு நான் உக்கார்றேன்" என்றேன். எனக்கு ரொம்ப நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்கு லீவு எடுக்கத் தெரியவில்லை. முதல் செவ்வாய் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இழுக்காத, கரை சுருங்குது", "விடாத, தொங்குது" என்று உயிரை எடுத்தார். சாயங்காலம் நான் நெய்ததில் நாலு விரற்கடை பிரிக்க வேண்டியிருந்தது. இவர்தான் பிரித்தார். ரெண்டாவது செவ்வாய் அக்கா உள்ளே போய்ப் படுத்தார், தறிச் சத்தத்திலேயே மூன்று மணி வரை தூங்கினார். எழுந்து வந்தவருக்கு, பகலில் தூங்கியதில் அப்படி ஒரு வெட்கம். அப்புறம் எனக்கும் கை வந்துவிட்டது. இவர் மிதியை மிதிப்பார், நான் தள்ளுவேன், திரும்பி வாங்குவேன். பேச்சு கிடையாது, பேசினால் எனக்குக் கை தப்பும். எப்போதாவது நிறுத்தி என் முழங்கையை நகர்த்தி வைப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. இவருக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெரியாது. இன்னும் ஒரு பூ, இன்னும் அரை முழம் என்று இருட்டும் வரை இழுப்பார். கடையிலாவது எட்டு மணி நேரம், இங்கே அதுவும் இல்லை. வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் சட்டப்படி நின்றுவிட்டு, ஏழாவது நாள் சட்டத்துக்குத் தெரியாமல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். ஓரிக்கை மணலை நினைத்துப் பார்ப்பதோடு சரி.

நாலாவது செவ்வாய் காலையில் அக்கா நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் கிளம்பினார். மதியம் என் கூட வேலை செய்கிறவள் போன் செய்தாள்.

"உங்க பேரச் சொல்றாங்க, உங்க நாத்தனாரா இவங்க? ரெண்டு மணி நேரமா உக்காந்துக்கினு இருக்காங்க. அதக் காட்டு இதக் காட்டுன்னு எல்லாத்தையும் பிரிச்சாச்சு. வாங்குவாங்களா மாட்டாங்களா?"

"வாங்க மாட்டாங்க. நீ காட்டு" என்றேன்.

முப்பது வருஷம் புடவை நெய்தவர் அந்தக் கடைக்குள் அதுவரை காலே வைத்ததில்லை. மேனேஜர் அவரை அடையாளம் தெரியாமல் காபி வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். அக்காவும் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து, ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பரவால்ல" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கிறார். வெளியே வரும்போது சுவரில் இருந்த போர்டை நின்று முழுதாகப் படித்திருக்கிறார். இதெல்லாம் அப்புறம் எனக்குத் தெரிந்தது.

சரியாக ஐந்து மணிக்கு வீட்டுக்குள் வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேராகத் தறிக்கு வந்து, மேலே தொங்கிய லைட்டை அணைத்தார்.

"அக்கா, இன்னா பண்ற? பூ பாதியில நிக்குது" என்றார் இவர்.

"காலைல எட்டு மணிக்கு உக்காந்தீங்க. சோத்துக்கு ஒரு மணி நேரம் போச்சு. எட்டு மணி நேரம் ஆயிட்ச்சி. எழுந்திருங்கபா ரெண்டு பேரும்."

"அது கடைக்குப் போட்ட சட்டம். தறிக்கெல்லாம் யாரும் எழுதி வைக்கல."

"எழுதலைன்னா நான் எழுதறேன்."

சொன்னபடியே செய்தார். இவர் புடவை அளவு குறிக்கிற சாக்பீஸை எடுத்து, தறிக்கு நேர் எதிர்ச் சுவரில், கோணல் மாணலாக, 'செவ்வாய் அஞ்சு மணி வரைக்கும்' என்று எழுதினார். அமாவாசைக்குப் போடுகிற துணியைக் கொண்டுவந்து தறியை மூடினார். பிறகு என் கைப்பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத எடுத்துக்க. அவன் தலைக்கு வைக்கணுமில்ல."

அமாவாசை அன்று பையில்லாமல் மணலில் படுத்ததை இவர் அக்காவிடமும் சொல்லியிருக்கிறார். நான் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். இவர் தறிக் குழியிலிருந்து எழுந்து, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, சுவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பைக் சாவியைத் தேடப் போனார்.

நாங்கள் வாசலைத் தாண்டியதும் பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக அக்கா குரல் வந்தது.

"ஏழு மணிக்கு முன்னாடி வந்தீங்கன்னா கதவத் தொறக்க மாட்டேன்."

எட்டு மணி வரை நாங்கள் வரவில்லை.