ரிலீவர் வந்தால்தான் நகரலாம்

பிரஸ் ஆயில் வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்... சூடான இரும்பும் எண்ணெயும் கலந்து ஒரு மாதிரி கசப்பாக இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் விரலிடுக்கை விட்டுப் போகாது. நேற்று பையனுடைய ஃபுட்பாலுக்குக் காற்றடித்தபோது பழைய பம்ப்பிலிருந்து அதே வாசனை வந்தது. அவ்வளவுதான், நான் கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டேன்.

அப்போது அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், கார் கதவுக்குக் கீல் செய்யும் கம்பெனியில் நான் பிரஸ் ஆபரேட்டர். தகட்டை வைத்தால் பிரஸ் மெஷின் தடக்கென்று இறங்கி அதை வளைக்கும். நாள் முழுக்க தடக்... தடக்... தூக்கத்திலும் அதே தாளம்.

அந்த மெஷினுக்கு ஒரு சட்டம் உண்டு. ரிலீவர், அதாவது அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருகிறவன், பக்கத்தில் வந்து நிற்கும்வரை நகரக் கூடாது. வந்துவிட்டால் மெஷின் எப்படி இருக்கிறது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகலாம்.

என் ரிலீவர் பஷீர். பழவேற்காட்டுக்காரன். வாரா வாரம் ஷிஃப்ட் மாறும், ஆனால் எனக்குப் பின்னால் வருவது அவன்தான். பையை ஆணியில் மாட்டுவான். "வந்துட்டேன்ல... நீ போ" என்பான். எங்கள் சிநேகிதமே அந்த ஐந்து நிமிஷம்தான்.

கம்பெனிக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் தேவசகாயம் அண்ணன்தான் கோச். எல்லா இடத்துக்கும் ஆள் கிடைத்தது, நடுவில் ஆட மட்டும் ஜோடி அமையவில்லை. என்னையும் வெல்டிங் சுரேஷையும் போட்டுப் பார்த்தார். பந்தைக் கண்டால் இரண்டு பேரும் முன்னால் ஓடிவிடுவோம், பின்னால் லாரி நுழைகிற மாதிரி ஓட்டை.

"இன்னாங்கடா, ரெண்டு பேரும் கோல் போஸ்டாண்ட போய் நின்னுக்கினா நடுவுல யார்ரா நிப்பா, உங்க தாத்தாவா?"

பஷீர் நின்று ஆடுகிறவன். அவனையும் சுரேஷையும் போட்டார். சுரேஷ் போனால் போனதுதான், திரும்பி வருகிற பழக்கமே கிடையாது. பஷீர் பாவம், தனியாக நுரை தள்ள ஓடினான்.

கடைசியில் அண்ணனே ஒருநாள் பிரஸ் பக்கம் வந்து என்னை உற்றுப் பார்த்தார். "உனுக்கு ஜோடி உன் ரிலீவர்தான்டா. ஆனா ரெண்டு பேரையும் ஒண்ணா இட்டுக்கினு போனா இந்த மெஷின யாரு ஓட்டறது? பேஜாரா கீது" என்றார்.

அதுதான் சிக்கல். மேட்ச் எல்லாம் மதியம் தொடங்கி ஷிஃப்ட் மாறுகிற நேரத்தைத் தாண்டிப் போகும். நான் மைதானத்தில் இருந்தால் அவன் மெஷினில் இருக்க வேண்டும், அவன் போனால் நான். நைட் பார்த்தவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான்.

பஷீரோடு ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. தகடு வைக்கும்போதெல்லாம் மனசுக்குள் மேட்ச் ஓடும். தடக்... அவனிடம் பந்து. தடக்... என்னிடம். கை பாட்டுக்கு வேலை செய்யும், நான் புல்லில் ஓடிக்கொண்டிருப்பேன்.

எஸ்டேட் கம்பெனிகளுக்குள் நடந்த போட்டியில் எப்படியோ ஃபைனல் வந்துவிட்டோம். தேவசகாயம் அண்ணன் யார் யாரையோ பார்த்துப் பேசி, கரண்ட் ஷட்டவுன் நாளில் ஃபைனலை வைக்கச் செய்தார். கரண்டே இல்லாத நாளில் பிரஸ்ஸை யார் ஓட்டுவது...

அந்த மதியம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. எஸ்டேட் முழுக்க ஒரு சத்தம் இல்லை. சவுக்குத் தோப்பில் காற்று போவது கேட்டது. இத்தனை வருஷம் அங்கே இருந்தும் அதைக் கேட்டதில்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்து பிராக்டிஸ் செய்ததே கிடையாது. ஆனால் நான் முன்னால் போனால் அவன் என் இடத்தில் வந்து நின்றான். நான் திரும்பும்வரை நகரவில்லை. பேச்சே தேவைப்படவில்லை. இருந்தும் முதல் பாதியில் ஒரு கோல் வாங்கியிருந்தோம்.

இரண்டாம் பாதியில் பந்து என் காலில் இருந்தபோது, ஜெனரேட்டர் வைத்திருந்த பக்கத்துக் கம்பெனியில் ஷிஃப்ட் மாறும் மூன்று மணி சங்கு ஊதியது.

என்ன செய்தேன் தெரியுமா... பந்தை பஷீரிடம் தள்ளிவிட்டு, ஷிஃப்ட் முடிந்த ஆள் மாதிரி வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டேன். என்னை மார்க் செய்த எதிர் டீம்காரனும் என்னைப் போலக் காலை ஷிஃப்ட்காரன் போல, அவன் உடம்பும் தளர்ந்துவிட்டது. ஆனால் பஷீருக்கு அது வேலை ஆரம்பிக்கிற சங்கு. பந்தை எடுத்துக்கொண்டு நேராகப் போனான். நின்றே ஆடுகிறவன் முன்னால் போய் கோல் போட்டான். லைனுக்குப் பக்கத்தில் நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

டை பிரேக்கரில் தோற்றோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பொய்... கொஞ்சம் இருக்கிறது.

மறுபடி நாங்கள் ஒன்றாக ஆடவில்லை. பஷீர் அத்திப்பட்டு பவர் பிளான்ட்டுக்கு வேலை மாறிப் போனான். நான் திருவள்ளூருக்கு வந்துவிட்டேன். அந்த பிரஸ்ஸில் இப்போது ரோபோ கை தகடு வைக்கிறதாம், அதற்கு ரிலீவர் வேண்டாம். மைதானத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. என் பையன் டிவியில் வெளிநாட்டு மேட்ச் பார்த்துவிட்டு, மிட்ஃபீல்டில் எந்த ஜோடி பெஸ்ட் என்று கேட்பான். நான் சொல்லும் பெயரை அவன் கேள்விப்பட்டதில்லை.

போன மாதம் அப்பாவை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் ஒருவன்தான், கண்ணை மூடவே இல்லை. யார் சொன்னார்களோ, காலையில் பஷீர் வந்து நின்றான். அத்திப்பட்டிலிருந்து பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வந்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது. பையைக் கட்டில் கம்பியில் மாட்டினான்.

"அப்பாக்கு எப்டி கீது?"

காய்ச்சல் இறங்கியிருக்கிறது, சாப்பிட்ட பிறகு மாத்திரை என்று இரண்டு வார்த்தை சொன்னேன்.

"செரி, வந்துட்டேன்ல... நீ போ."

படி இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை.